இடப்பக்கத்துத் தகடு

சத்தியம்! பனிமய மாதா மேல் சத்தியம், நாக்கில் வைத்த உப்பின் மேல் சத்தியம். இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றால் பொய்ப்பல் செட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெறும் ஈறோடு சத்தியம் செய்கிறேன், இதில் ஒரு சொல்கூட நான் கட்டியதில்லை. ஊரில் என்னைப் பற்றி என்னென்னவோ சொல்வார்கள். இந்தக் கதையில் வருகிற காரின் ஹாரன் சத்தத்துக்குத் துறைமுகத்தில் நின்ற கிரேக்கக் கப்பல் ஒன்று பதில் கொடுத்து, நங்கூரத்தையும் தூக்கிவிட்டது என்று நான் சொன்னதை இன்றுவரைக்கும் நம்பாத மனிதர்கள் தூத்துக்குடியில் உண்டு. அவர்களுக்காகவே இந்தக் கதை முடியும்வரை ஹாரனில் யாரையும் கை வைக்க விடவில்லை.

சனிக்கிழமை காலை. வீட்டு முற்றத்துச் சிமெண்டுத் தரையில் பாயை விரித்து, காரின் முன்பக்கத்து இடது சக்கரத்தைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிட்டு, சக்கரம் இருந்த பொந்துக்குள் தலையை நுழைத்துக் கிடந்தார் ரெமிஜியுஸ். இழுவைப்படகில் ஆயுசு முழுக்கச் சுக்கான் பிடித்து ஓய்ந்த சுக்கானி அவர். கார் அவரைவிடக் கொஞ்சம்தான் இளசு. ஜாக்கியை நம்பாமல் சட்டத்துக்கு அடியில் ரயில்வே கட்டையும் கொடுத்திருந்தார், ஏனென்றால் ஜாக்கி வழுக்கிச் செத்தான் என்று கல்லறையில் எழுதினால் படிக்கிறவன் சிரிப்பான். கண்ணுக்கு நேரே, சக்கரத்தைத் தாங்குகிற மேல்கையும் வண்டியின் சட்டமும் சேருகிற இடத்தில், போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்திருந்தன தகடுகள். குதிரை லாடம் மாதிரி ஒருபக்கம் வாய் திறந்தவை. மெக்கானிக்குகள் ஷிம் என்பார்கள், இவருக்குத் தகடு என்றால்தான் வாய்க்கு வரும். போல்ட்டை இளக்கினால் போதும், கழற்ற வேண்டாம், தகடு பல்லிடுக்கில் மாட்டிய கீரைபோல வெளியே வந்துவிடும். தகடு கூடினால் சக்கரத்தின் தலை வெளியே சாயும், குறைந்தால் உள்ளே ஒடுங்கும், எந்தச் சக்கரத்தின் தலை அதிகம் வெளியே சாய்கிறதோ அந்தப் பக்கம் வண்டி இழுக்கும், இவ்வளவுதான் சாஸ்திரம். இதைத் தெரிந்துகொள்ள மனிதனுக்கு ஒரு ஸ்பானரும் ஒரு தூக்குக்குண்டும் போதும். அவருடைய தூக்குக்குண்டு தூண்டில் நரம்பில் கட்டிய ஈயக்குண்டு. எதிர்ப்பக்கத்துச் சக்கரத்தின் மேல் மட்கார்டு விளிம்பில் அதைத் தொங்க விட்டிருந்தார், காற்றுக்கு லேசாக ஆடிக்கொண்டிருந்தது, அது நிற்கவே மாட்டேன் என்கிறது, நேர் எது என்று அதற்கே இன்னும் முடிவாகவில்லை போலிருக்கிறது, கையை விட்டால் நேர், கையை வைத்தால் இடது, இல்லை, அதை இப்போது நினைக்க வேண்டாம், போல்ட்டைப் பார், போல்ட் துருவேறியிருக்கிறது, கடற்காற்று, கடற்காற்றுக்கு எதைத்தான் விட்டுவைக்கத் தெரியும், “என்ன, உள்ளேயே தூங்கிட்டியளா?” என்றது செலஸ்தியின் குரல்.

செலஸ்தி அவர் மனைவி. பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து சாளை மீன் செதில் உரசிக்கொண்டிருந்தாள். “தகட்டப் பாக்கேன்” என்றார். “பாக்கிறதுக்குக் கண்ண மூடிக்கிடணுமாக்கும்?” அவளுக்கு எப்படித் தெரியும்? நடுவில் ஒரு மட்கார்டு, ஒரு ரேடியேட்டர், அரைக் கார் இரும்பு கிடக்கிறது. இவளைத் துறைமுகத்தில் வேலைக்கு வைத்திருந்தால் கலங்கரை விளக்கமே வேண்டியிருக்காது. மூடியிருந்த கண்ணைத் திறந்தார். திறந்ததும் கஸ்பார் வந்து நின்றான். ஆளாக இல்லை, கேள்வியாக. கஸ்பார் செலஸ்தியின் தம்பி, லாரி செட் வைத்திருப்பவன், போன ஞாயிற்றுக்கிழமை இதே முற்றத்தில் நின்றுகொண்டு, கேட்டுத்தூணில் இந்தக் காரின் இடது மட்கார்டு உரசிய நீலப் பெயிண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டு, “அத்தான், கம்ப்யூட்டர்ல ஏத்திப் பாத்தாச்சு. வண்டியில ஒரு கோளாறும் இல்ல. அப்போ கோளாறு எங்க இருக்கு?” என்று கேட்டான். கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்கவில்லை, இட்லிக்கு உள்ளே போய்விட்டான். கேள்வி மட்டும் நெத்திலி முள் மாதிரி தொண்டையில் நின்றுகொண்டது, சோற்றுருண்டை விழுங்கினாலும் போகாது, வாழைப்பழத்துக்கும் போகாது. கம்ப்யூட்டர் கடைப் பையன்கள் நாலு சக்கரத்திலும் கண்ணாடித் தட்டுகளை மாட்டி, டிவியில் படம் காட்டி, “தாத்தா, எல்லாம் பச்சை, போயிட்டு வாங்க” என்றார்கள். தாத்தாவாம். பச்சையாம். மெஷின் பொய் சொல்லுது என்று அவர் அங்கேயே சொல்லிவிட்டார். இட்லி தின்று வெளியே வந்த கஸ்பாரிடமும் அதையே சொன்னார், அவன் சிரித்தான். “சரி அத்தான், நீங்களே உங்க கையால பாத்துருங்க. வர்ற ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வாறேன். வண்டி நேராப் போனா நான் வாயத் தொறக்கல. இல்லன்னா சாவிய எங்கிட்ட குடுத்துரணும்.” உங்க கையால என்று ஏன் சொன்னான்? எல்லாரும் சொல்கிற சொல்தான். ஆனால் சொல்லும்போது கையைப் பார்த்தானோ? இடது கையையா?

கை. சரி, நினைத்துத் தொலைக்கிறது என்று ஆன பிறகு ஒழுங்காக நினைப்போம் என்று போல்ட்டில் ஸ்பானரை மாட்டினார். வலது கை சொன்ன வேலையைச் செய்தது. இடது கையும் செய்தது, செய்யவில்லை என்று யார் சொன்னார், ஆனால் ஒரு விநாடி யோசித்துச் செய்தது, சம்பளம் போதாத வேலைக்காரன் மாதிரி. விபூதிப் புதன் அன்றுதான் தொடக்கம். காலையில் சவரம் செய்கிறார், கண்ணாடியில் வாயின் இடது ஓரம் கீழே வழிந்திருக்கிறது. கண்ணாடிதான் வளைந்துவிட்டது என்று முதலில் நினைத்தார், சோப்புப் பிரஷ் விழுந்தது, குனிந்து எடுக்கப் போனால் கை பிரஷுக்குப் பக்கத்தில் உள்ள தரையைப் பிடித்தது. கத்தவில்லை. கத்தினால் ஆட்கள் வருவார்கள், ஆட்கள் வந்தால் அது நடந்ததாக ஆகிவிடும். முக்காலியில் உட்கார்ந்தார். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் வாய் தானாகப் பழைய இடத்துக்கு ஏறிக்கொண்டது, பாதிச் சவரத்தை முடித்துக்கொண்டு கோயிலுக்குப் போனார், சாமியார் நெற்றியில் சாம்பலைப் பூசி, மண்ணாய் இருக்கிறாய் என்று நினைவூட்டினார், தெரியும் சாமி, காலையிலேயே தபால் வந்துவிட்டது என்று சொல்ல நாக்கு துடித்தது. நாக்கு நன்றாகத்தான் இருந்தது. சொல்லவில்லை. செலஸ்தியிடமும் சொல்லவில்லை. அவள் அன்றைக்குப் பூராவும் தேவைக்கு அதிகமாக அவர் முகத்தைப் பார்த்தாள் என்று இப்போது தோன்றுகிறது, அப்போது தோன்றவில்லை, சாம்பலைப் பார்க்கிறாள் என்று நினைத்தார். அந்த வாரத்திலிருந்துதான் வண்டி இடது பக்கம் இழுக்கிறது. வண்டிதான். அப்படித்தான் எல்லாரிடமும் சொன்னார், தன்னிடமும் சொன்னார், தான் நம்பிவிட்டதாகக்கூட இரண்டொரு நாள் இருந்தது. அப்புறம் உப்பளத்து ரோடு. நூல் பிடித்த மாதிரி நேர் ரோடு அது, இரண்டு பக்கமும் பாத்தி, ஓலை போட்டு மூடிய உப்பு அம்பாரங்கள். தனியாகப் போனார். ஒரு பூநாரைக் கூட்டம் தரையிறங்குவதைப் பார்த்த ஞாபகம், அப்புறம் பார்த்தால் ரோட்டுக்குப் பதிலாக முன்கண்ணாடியில் ஒரு பெண், தலையில் உப்புக் கூடை, கண் இரண்டும் உப்பைவிட வெள்ளை. மிதித்த பிரேக்கில் இடது சக்கரங்கள் சேற்றில் இறங்கி நின்றன. அவளுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு கூடை வைக்க இடம் இருந்தது. அவள் கூடையை இறக்காமலே சொன்னாள், “பெரியவரே, உப்பு வேணும்னா கேட்டு வாங்கும்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இவர் ரிவர்ஸ் கியர் போட்டு வண்டியை ரோட்டுக்கு ஏற்றினார்.

அன்றைக்குத் திரும்பி வரும்போதுதான் அதைச் செய்து பார்த்தார். ரோட்டில் யாரும் இல்லை, மெதுவாகத்தான் போனார், ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார், நற்கருணை வாங்கித் திரும்பும் பிள்ளை மாதிரி. கார் போயிற்று. நேராகப் போயிற்று. அம்பு மாதிரி, கோயில் கொடிமரத்தைக் கிடத்தினது மாதிரி. கையைத் திரும்ப வைத்தார். இடது பக்கம் போயிற்று. எடுத்தார், நேர். வைத்தார், இடது. கையை விட்டால் நேர், கையை வைத்தால் இடது. பலாப்பழம் மாதிரி தொங்குகிறது அந்தக் கை, ஸ்டியரிங்கின் இடது ஓரத்தில், தன் கனத்தை மறந்துபோய். பெரிய கப்பல்களை, ஊர் அளவு கப்பல்களை, கயிற்றைக் கட்டி ஊசித்துளை மாதிரி வாய்க்காலுக்குள் இழுத்துக்கொண்டு வந்த கை. ஸ்டெடி என்று மேலே இருந்து ஒரு குரல் வரும், அசையாமல் அப்படியே நேராகப் பிடி என்று அர்த்தம், ஸ்டெடி சார் என்று இவர் திருப்பிச் சொல்வார், அவ்வளவுதான் பேச்சு, மீதியைக் கை பார்த்துக்கொள்ளும். இப்போது அந்தக் கைக்கு ஒரு கம்ப்யூட்டர் வைத்தால் டிவியில் என்ன நிறம் வரும்?

போல்ட் கிறீச் என்று இளகியது. அன்று உப்பளத்து ரோட்டிலிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது செலஸ்தி ஹோஸ் பைப்பை எடுத்து வந்து இடது சக்கரங்களில் இருந்த சேற்றை மட்டும் கழுவினாள். இடது பக்கம் மட்டும் எப்படிச் சேறு என்று கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தார். மாடு குறுக்கே வந்தது. நல்ல மாடு, செவலை, ஒரு கொம்பு உடைந்தது, கழுத்தில் மணிகூடக் கட்டி வைத்திருந்தார், கேட்பார் இல்லாமல் அந்த மாடு வீணாகப் போயிற்று. அன்றைக்குப் படுத்துக் கிடக்கும்போதுதான் நீவாடு ஞாபகம் வந்தது, நீவாடு என்றால் கடலில் ஓடுகிற நீரோட்டம். தண்ணீர் வடக்கே தள்ளினால் எந்தச் சுக்கானியும் தண்ணீரோடு வழக்காட மாட்டான், முனையைக் கொஞ்சம் தெற்கே பிடித்துக்கொள்வான், பார்க்கிறவனுக்குப் படகு கோணலாகப் போகிற மாதிரி இருக்கும், போய்ச் சேருவது நேர். அப்படியென்றால் கை ஒரு நீவாடு. அது இடது பக்கம் தள்ளுகிறது. தள்ளட்டும். வண்டியின் முனையை வலது பக்கம் பிடித்து வைத்துவிட்டால் போயிற்று. இடது சக்கரத்தில் இருக்கிற தகடுகளில் மெல்லிசாக ஒரு ஜோடி, முன் போல்ட்டில் ஒன்று பின் போல்ட்டில் ஒன்று, எடுத்துக் கொண்டுபோய் வலது சக்கரத்தில் சொருகினால், நல்லாயிருக்கிற வண்டி வலது பக்கம் இழுக்கும், நல்லாயில்லாத கை இடது பக்கம் இழுக்கும், கோர்ட்டில் இரண்டு பொய்ச் சாட்சிகள் ஒருவனை ஒருவன் அடித்துக்கொண்டு விழுந்தால் நடுவில் உண்மை நிற்கிற மாதிரி, வண்டி நேராகப் போகும். உலகத்தில் எல்லாரும் வண்டிக் கோணலை நிமிர்த்தத்தான் தகடு போடுவார்கள். மனுசக் கோணலுக்குத் தகடு போட்டவன் நான்தான் முதல் என்று ஒரு பெருமைகூட வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது.

தகடு வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், இவ்வளவு மெல்லிசா, ஊதினால் பறக்கும் போல. அடுத்ததும் வந்தது. போல்ட்டை முறுக்கி, சக்கரத்தை மாட்டி, பாயைச் சுருட்டிக்கொண்டு வலது பக்கத்துக்குப் போனார். ஜாக்கி, கட்டை, சக்கரம், ஸ்பானர், எல்லாம் முதலிலிருந்து. செலஸ்தியும் பலகையைத் தூக்கிக்கொண்டு வலது பக்கத்துக்கு வந்து உட்கார்ந்தாள். ஏன், அங்கே நிழல் இல்லையா? “அந்தப் பக்கம் எடுத்தத இந்தப் பக்கம் எதுக்குப் போடுதிய?” என்றாள், மீனைப் பார்த்துக்கொண்டே. “ஏட்டி, அது பெரிய கணக்கு. மன்னார் வளைகுடாவுல பூமி கொஞ்சம் சரிஞ்சிருக்கு. கம்ப்யூட்டர் செஞ்சவன் ஊருல பூமி சமம். அதான் அவனுக்குப் பச்சை காட்டுது.” “அப்போ வீட்டுக்கும் தகடு போடணுமே” என்றாள். “வீடு ஓடாதுல்லா.” “ஆமா, வீடு எங்க ஓடுது” என்று சொல்லிவிட்டு மீன் தலையைச் சீவினாள். தகட்டைச் சொருகினார். இடது கை தகட்டைப் பிடித்திருக்க, வலது கை முறுக்கியது. தகடு நழுவி மடியில் விழுந்தது. மறுபடி. மறுபடியும் விழுந்தது. கையைப் பார்க்காமல் சிமெண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், பார்த்தால் அதற்கு வெட்கம் வரும். மூன்றாவது முறை ஒரு விரல் வந்து தகட்டை இருக்க வேண்டிய இடத்தில் அழுத்திப் பிடித்தது, ஈரமாக, மீன் வாடையோடு. “முறுக்குங்க” என்றாள். முறுக்கினார். சக்கரம் ஏறியது, வண்டி இறங்கியது, ஈயக்குண்டைக் கட்டினார். இடது சக்கரத்தின் தலை உள்ளே, வலது சக்கரத்தின் தலை வெளியே. ஒரு நூல் வித்தியாசம். பச்சைக்கு வெளியே.

உப்பளத்து ரோடு. செலஸ்தி இடது பக்கத்து சீட்டில், கையில் மஞ்சள் பை. ரெமிஜியுஸ் இரண்டு கையையும் வைத்துப் பிடித்தார். நேர். இது நேர்தானா என்று சந்தேகமாக இருந்தது, தார் ரோட்டின் நடுவே வெள்ளைக்கோடு இருந்தால் நிச்சயமாகச் சொல்லலாம், கோடு இல்லை, ஆனால் ஓலை அம்பாரங்கள் இரண்டு பக்கமும் ஒரே அளவில் பின்னே போயின. நேர். இடது கை தொங்கியது, வண்டி வலது பக்கம் முகத்தைத் திருப்பியது, இரண்டுக்கும் நடுவில் ரோடு அப்படியே வந்து காருக்கு அடியில் நுழைந்தது. ஸ்டெடி. பாட்டுகூட வந்தது வாயில், கோயில் பாட்டுதான், அந்தோனியார் நவநாள் பாட்டு. கஸ்பார், வா, நாளைக்கு வா, உன் லாரி டிரைவர்களையும் கூட்டிக்கொண்டு வா. பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்று பார்த்தன, ஒற்றைக் காலில் நிற்கிறவற்றுக்குத்தான் இந்த வித்தையின் அருமை தெரியும். அந்த இடம் வந்தது. அந்தப் பெண்ணும் இருந்தாள், வரப்பில் கூடையோடு. கார் நேராகத்தான் வந்துகொண்டிருந்தது, அவளுக்கும் காருக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி போகும், இருந்தும் காரை அடையாளம் கண்டதும் அவள் கூடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கி நின்றுகொண்டாள். முழங்கால் அளவு தண்ணீரில். கார் தாண்டும்வரை நின்றாள். பாட்டு எந்த அடியில் நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை. இன்றைக்கு இவ்வளவு கனம், அதற்கு இந்தத் தகடு, நாளைக்கு? நாளைக்கு அந்தக் கை இன்னும் கொஞ்சம் தூங்கினால் இன்னொரு தகடா? தகடு தீர்ந்துபோனால்? விபூதிப் புதன் மறுபடி வந்தால், இங்கே, இந்த சீட்டில், அவள் கூடையோடு நிற்கும்போது வந்தால், அதற்கு எந்தப் போல்ட்டை இளக்குவது?

“நிறுத்துங்க” என்றாள் செலஸ்தி. “ஏன்?” “நான் கொஞ்சம் ஓட்டுதேன்.” அவள் ஓட்டப் பழகியது இவர் கொச்சிக்கு மிதவை இழுத்துக்கொண்டு போன வருசம், கஸ்பாரின் லாரியில். அதனால் கார் என்பதையே அவள் ஒரு விளையாட்டுச் சாமானாகத்தான் மதிப்பாள். இன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார், காரணம் கேட்பாளே என்று மூடினார். இடம் மாறினார்கள். சீட்டை முன்னே இழுத்துக்கொண்டாள், கியர் போட்டாள். கார் வலது பக்கம் போயிற்று. திருப்பினாள். மறுபடி வலது பக்கம் போயிற்று. எதிரே உப்பு லாரி ஒன்று வந்தது, ரெமிஜியுஸின் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது, அவள் அலட்டிக்கொள்ளாமல் ஸ்டியரிங்கை இடது பக்கமாக அமுக்கிப் பிடித்துத் தாண்டிவிட்டு, ஓரமாக நிறுத்தினாள். இன்ஜினை அணைத்தாள். காற்று சத்தம். இரண்டு கையையும் தூக்கி, உள்ளங்கை, புறங்கை, உள்ளங்கை என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என்னங்க, என் கை வலது பக்கமா இழுக்குதே” என்றாள்.

அது வண்டி என்று சொல்ல வேண்டும். சொன்னால், இவ்வளவு நேரம் நேராகப் போயிற்றே என்பாள். போயிற்று என்றால் அது எப்படி என்பாள். சொல்லாவிட்டால் தன் கைதான் கோணல் என்று இருந்துவிடுவாள், அம்மியில் அரைக்கும்போதும் ஜெபமாலை உருட்டும்போதும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள், அது என்ன பார்வை என்று அவருக்கு நன்றாகத் தெரியும், விபூதிப் புதனிலிருந்து அதே பார்வையோடுதான் அவர் இருக்கிறார், விரோதிக்குக்கூட வேண்டாம் அது. நிஜமாகவே பயப்படுகிறாளா? முகத்தைப் பார்த்தார். கலங்கின தண்ணீரின் நிறத்தைப் பார்த்து ஆழம் சொல்வார் அவர், காற்று திரும்புவதற்கு முன்னால் சொல்வார். இந்த முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. புருவத்துக்குப் பக்கத்தில் சாளைச் செதில் ஒன்று ஒட்டி மின்னிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் தெரிந்தது. “திங்கக்கிழம ஒரு டாக்டரப் பாத்துருவோமா? நரம்புக்காரர் ஒருத்தர் பாளையங்கோட்டைல இருக்காராம். எனக்குத்தான். நீங்க சும்மா துணைக்கு வாங்க.” அவர் பக்கத்துக் கண்ணாடியைப் பாதி இறக்கினார். “வந்ததுக்கு நீங்களும் கையக் காட்டிருங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான எது கோணல்னு அவருக்குத் தெரியும்.”

“சும்மா துணைக்கு” என்றார்.

“சும்மாதான்.”

பூநாரைகள் கால் மாற்றிக்கொண்டன. “கஸ்பார் நாளைக்கு வருவானே” என்றார், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு. “வரட்டும். வண்டிதான் இழுத்துச்சு, அத்தான் சரிபண்ணிட்டாருன்னு நான் சொல்லிருதேன். ஓட்டிக் காட்டணும்னா நான் ஓட்டிக் காட்டுதேன்.” சாவியை உருவி எடுத்தாள், அவர் சட்டைப் பையில் போட்டு, பையை வெளியே இருந்து ஒரு தட்டுத் தட்டினாள். “இது உங்ககிட்டயே இருக்கட்டும். நான் கேக்கும்போது குடுங்க.” அப்புறம் புருவத்துச் செதிலைத் துடைத்துப் போட்டுவிட்டு, ரோட்டைப் பார்த்துச் சொன்னாள், “வீட்டுக்குப் போனதும் அந்தத் தகட்ட இருந்த எடத்துலேயே வச்சிருங்க. எனக்கு ஓட்ட வாகா இருக்கும்.”

அவர் கொஞ்ச நேரம் சாவியைத் துணிக்கு மேலேயே தடவிக்கொண்டிருந்தார். இடது கையால்தான். பிறகு எடுத்து நீட்டினார். அவள் வாங்கிப் போட்டுத் திருப்பினாள். வண்டியைத் திருப்பி எடுத்தபோது அது மறுபடி வலது பக்கம் முகத்தைத் திருப்பியது, அவள் அமுக்கிப் பிடித்தாள், அவர் “ஸ்டெடி” என்றார், வாய்க்குள்ளேதான். “என்ன?” என்றாள். “ஒண்ணுமில்ல. போ.”

அவ்வளவுதான். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்காதீர்கள், அது அவர்கள் வீட்டு விசயம். தகடு இப்போது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றும் கேட்காதீர்கள். ஒன்றே ஒன்று, இதை நான் சொன்னதாக வெளியே மூச்சு விட்டுவிடாதீர்கள், முக்கியமாகக் கஸ்பார் காதுக்குப் போகக் கூடாது, அவன் இன்றைக்கும் அந்தக் கம்ப்யூட்டர் கடையில் போய் மெஷினைத் திட்டிக்கொண்டிருக்கிறான். யாராவது நெருக்கிப் பிடித்துக் கேட்டால், உப்பளத்தில் பூநாரை சொன்னது என்று சொல்லிவிடுங்கள். ஊர் நம்பும். என்னைத்தான் நம்பாது.